குரோம் வீலுக்குச் செராமிக் பூச்சு: எதிலிருந்து காப்பு?

கார் அலங்காரக் கடைகளில் விற்கும் செராமிக் பூச்சுப் புட்டியின் மேல் ‘9எச்’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். கடினத்தின் அளவு அது, கல் பட்டாலும் கீறல் விழாது என்று கடைக்காரர் விளக்குவார். உண்மையில் அது பென்சிலின் எண். வெவ்வேறு கடினமுள்ள பென்சில்களை 45 டிகிரி சாய்வில் வைத்து, ஒவ்வொன்றாக அழுத்தித் தள்ளி, எந்தப் பென்சில் வரைக்கும் பூச்சு தாங்குகிறது என்று பார்ப்பது பெயின்ட் தொழிலில் நெடுநாளாக இருக்கும் சோதனை. சோதனை விதியில் பென்சில் வரிசை 9எச்சோடு முடிகிறது. ஆகவே எந்தப் பூச்சுக்கும் அதற்கு மேல் மதிப்பெண் கிடையாது. பென்சில் முனையோ கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்த கலவை. அதைத் தாங்கியதால் மணலையும் தாங்கிவிடும் என்று சொல்ல முடியாது. சாலை மணலில் உள்ள குவார்ட்ஸ், கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. குரோமியம் அதே அளவுகோலில் ஏறத்தாழ 8.5. அதாவது, காப்பு வேண்டும் என்று நாம் நினைக்கும் உலோகம், காப்பதாகச் சொல்லப்படும் பூச்சைவிடப் பல மடங்கு கடினமானது. அப்படியானால் குரோம் வீலுக்குச் செராமிக் பூசுவது வெட்டிச் செலவா? இல்லை என்றே சொல்வேன். அது உண்மையிலேயே பயன் தரும் வேலைதான். ஆனால் விளம்பரம் சொல்லும் காரணத்துக்காக அல்ல. குரோமைக் கெடுப்பது உராய்வு என்பதைவிட, அதன் மேல் நெடுநேரம் தங்கிவிடும் ஈரமும் உப்பும் அழுக்கும், பிறகு அந்த அழுக்கை எடுக்க நாம் ஊற்றும் ஆசிடும்தான். பூச்சு குறைப்பது அந்தத் தங்கும் நேரத்தை.

இதைப் புரிந்துகொள்ள, குரோம் வீலில் குரோம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். முழு வீலும் குரோமியம் அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். மேல்பூச்சு எவ்வளவு மெல்லியது என்பதுதான் வியப்பு. அலங்காரக் குரோம் முலாம் பொதுவாக அரை மைக்ரானைத் தாண்டுவதில்லை. கால் மைக்ரானே தரமான முலாமுக்குப் போதும். தலைமுடி ஒன்றின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஆழமும் மினுமினுப்பும் அதன் அடியிலுள்ள நிக்கலால் வருபவை. நிக்கல் 20 முதல் 40 மைக்ரான் வரை இருக்கும். அலாய் வீலாக இருந்தால் அதற்கும் கீழே செம்பு ஓர் அடுக்கு, அதன் அடியில் அலுமினியம். புல்லட் மோட்டார் சைக்கிளின் ரிம் போன்றவற்றில் அடியில் இரும்பு. பளபளப்பான நிக்கலை வெறுமனே விட்டால் காற்று பட்டு மங்கி மஞ்சளடிக்கும். அதைத் தடுத்து, நீலச் சாயல் உள்ள வெண்மையைத் தருவதற்குத்தான் குரோமியம். அந்தக் குரோமியத்தையும் காப்பது அதன் மேல் தானாகவே உருவாகும், சில நானோமீட்டர் தடிமனுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். கீறினால் காற்றிலுள்ள ஆக்சிஜனால் நொடியில் மறுபடி மூடிக்கொள்ளும். பார்க்கப்போனால் குரோம் வீல் ஏற்கெனவே ஒரு செராமிக் போர்த்தியதுதான். அதை எந்தக் கடையிலும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் குரோம் ஏன் கெடுகிறது? அந்த மெல்லிய அடுக்கு முழுமையாக மூடியிருப்பதில்லை. முலாம் படியும்போதே உள்ளழுத்தத்தால் அதில் வெடிப்புகள் விழும். வெடிப்பு வழியே ஈரம் இறங்கி நிக்கலைத் தொட்டால் இரண்டு உலோகமும் ஒரு சிறு மின்கலமாகிவிடும். ஆக்சைடு போர்த்திய குரோமியம் எதிர்மின்வாய் (கேதோடு). நிக்கல் நேர்மின்வாயாகி (ஆனோடு) அரிபடும். வெளியே பரந்த குரோம் பரப்பு, அடியில் ஊசிமுனை அளவு நிக்கல் என்று இருந்தால் அரிப்பு மின்னோட்டம் முழுவதும் அந்த ஒரு புள்ளியிலேயே குவியும். நிக்கலைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி இரும்பை எட்டினால் செம்புள்ளி, அலுமினியத்தை எட்டினால் வெண்பொடியும் கொப்புளமும். குரோம் துருப்பிடித்துவிட்டது என்று நாம் சொல்வது தவறு. துருப்பிடித்தது அதன் அடியிலிருக்கும் உலோகம். முலாம் தொழிலாளர் இதற்குக் கண்ட மாற்று வேடிக்கையானது. ஓட்டையை அடைக்க அவர்கள் முயலவில்லை, ஓட்டைகளைப் பெருக்கினார்கள். நிக்கலில் மிக நுண்ணிய, மின்சாரம் கடத்தாத துகள்களைக் கலந்து, அதன் மேல் படியும் குரோமில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நுண்துளைகள் வேண்டுமென்றே விழும்படி செய்கிறார்கள். அதே மின்னோட்டம் பத்தாயிரம் இடங்களில் பங்கிடப்படுவதால் எந்த ஓர் இடத்திலும் ஆழமான பள்ளம் விழுவதில்லை. கூடவே நிக்கலையும் இரண்டு அடுக்காகப் போடுகிறார்கள். மேலே இருப்பது கந்தகம் கலந்த பளபளப்பு நிக்கல், கீழே இருப்பது கந்தகம் அற்ற அரைப்பளபளப்பு நிக்கல். மேலடுக்கு எளிதில் அரிபடும் என்பதால் அரிப்பு பக்கவாட்டில் பரவுமே தவிர, கீழே இறங்காது. நல்ல குரோம் முலாம் என்பது அரிப்பைத் தடுத்து நிறுத்திய முலாம் அல்ல, அரிப்புக்கு வழி வகுத்துக் கொடுத்து அதைத் தாமதப்படுத்திய முலாம். இந்தத் தாமதம் எவ்வளவு நாள் நீடிக்கும் என்பது, துளைகளின் மேல் எது, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதற்கு மிகத் தெளிவான சான்று மாஸ்கோவிலிருந்து கிடைத்தது. வழக்கமான உப்புத்தெளிப்புச் சோதனைகளை எல்லாம் கடந்து வந்த குரோம் பாகங்கள், அங்கே ஒரு குளிர்காலத்திலேயே குரோமை இழந்து மங்கிய மஞ்சள் நிக்கலாக நின்றன. பனியை உருக்கச் சாலையில் கொட்டும் கால்சியம் குளோரைடு காரணம். சாதாரண உப்பு காய்ந்தால் படிகமாகி அடங்கிவிடும். கால்சியம் குளோரைடு காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நாள் கணக்கில் ஈரமாகவே இருக்கும். அது சேற்றோடு குழைந்து பாகத்தின் மேல் ஒட்டிக்கொண்டால், கழுவும் வரை அடர்ந்த குளோரைடு கரைசல் குரோமை நனைத்துக்கொண்டே இருக்கும். ஆக்சைடு படலம் தாங்காமல் குரோமியமே கரையத் தொடங்கும். முலாம் துறையில் இதை ‘ரஷ்யச் சேறு’ அரிப்பு என்றே அழைக்கிறார்கள். கயோலின் களிமண்ணில் கால்சியம் குளோரைடைக் குழைத்துப் பாகத்தின் மேல் அப்பி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துப் பார்க்கும் தனிச் சோதனையே இதற்காக வந்தது. சோதனையில் களிமண்ணைச் சேர்த்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது. உப்பு நீர் வழிந்து போனால் பெரிய தீங்கில்லை. சேறு அதைப் பிடித்து வைத்துக்கொள்வதே தீங்கு. நம் ஊரில் பனியும் இல்லை, சாலை உப்பும் இல்லை. ஆனால் கடலோரக் காற்றில் உப்பு உண்டு, மழைக்காலச் சேறு உண்டு. வேகம் குறைவு என்றாலும் வேதியியல் ஒன்றே.

வீலுக்கென்றே உள்ள இன்னோர் அழுக்கு பிரேக் தூசி. டிஸ்க் வார்ப்பிரும்பு. பேடில் இரும்புத் தூள், செம்பு, கிராஃபைட், பேரியம் சல்ஃபேட் எல்லாம் பிசினில் பிணைந்திருக்கும். பிரேக் பிடிக்கும்போது இரண்டும் தேய்ந்து சூடான நுண்துகளாகத் தெறிக்கின்றன. முன் பிரேக்குகளுக்கே வேலை அதிகம் என்பதால் முன் வீல்கள் எப்போதும் பின் வீல்களைவிடக் கருத்திருக்கும். துகளில் உள்ள இரும்பு ஈரம் பட்டதும் துருவாகி, வீலோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்த மழையில் அதன் மேல் இன்னோர் அடுக்கு. சில வாரம் விட்டால் ஷாம்பு நுரைக்கு அது அசைந்து கொடுக்காது. அப்போதுதான் வாட்டர் சர்வீஸ் பையன் கையில் ஆசிட் டப்பா ஏறுகிறது. கறை போகும், சந்தேகமில்லை. ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோமியத்தையே கரைக்கக்கூடியது. கழிவறை சுத்தம் செய்யும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் அதுவே. கால் மைக்ரான் உலோகத்தின் மேல் அதை ஊற்றித் தேய்ப்பதில் எஞ்சும் லாபம் என்ன என்று யோசிக்க வேண்டும். வீல் கிளீனர் என்ற பெயரிலேயே ஃபுளோரைடு கலந்த அமிலத் திரவங்களும் சந்தையில் உண்டு. அவை கையுறையைத் தாண்டித் தோலில் பட்டால் எலும்பு வரை பாதிக்கும் அளவுக்கு ஆபத்தானவை. வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாதவை.

இப்போது பூச்சுக்கு வருவோம். செராமிக் என்ற பெயரைக் கேட்டுச் சூளையையோ பீங்கானையோ நினைக்க வேண்டாம். புட்டியில் இருப்பது கரைப்பானில் கலந்த சிலாக்சேன் அல்லது பாலிசிலசேன் வகைச் சேர்மம். பூசியதும் கரைப்பான் ஆவியாகிறது. எஞ்சியது காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த வலையாக இறுகுகிறது. பாலிசிலசேன் வகையாக இருந்தால் அப்போது அம்மோனியா வெளியேறும். மூடிய அறையில் அந்த நெடி தெரியும். இறுகிய படலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான் தடிமன், கண்ணாடிக்குக் கொஞ்சம் உறவு, ஆனால் வெளிப்புறத்தில் நீரை விரும்பாத கரிமத் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தமான குரோம் மேல் தண்ணீர் படலமாகப் பரவும்; இந்தப் பூச்சின் மேல் 100 டிகிரிக்கு மேற்பட்ட தொடுகோணத்தில் முத்தாகத் திரண்டு நிற்கும். இதைத் தாமரை இலை விளைவு என்று விற்பவர்கள் சொல்வது மிகை. பான் பல்கலைக்கழகத்தின் பார்த்லாட், நைன்ஹுயிஸ் இருவரும் 1997இல் விளக்கியது போல, தாமரை இலையின் மகிமை அதன் மெழுகில் மட்டும் இல்லை. அந்த மெழுகு போர்த்திய நுண்மேடுகளில் இருக்கிறது. அதனால்தான் அங்கே தொடுகோணம் 160 டிகிரியை எட்டுகிறது. வழவழப்பான எந்தப் பரப்பிலும் ஏறத்தாழ 120 டிகிரியைத் தாண்ட முடியாது. மேடுபள்ளம் உண்டாக்கினால் கோணம் கூடும், கூடவே கண்ணாடிப் பளபளப்பும் போய்விடும். பளபளப்புக்காகக் குரோம் வாங்கியவருக்கு அது ஒத்துவராது. ஆகவே பூசிய வீல் தன்னைத் தானே கழுவிக்கொள்ளாது. துருத் துகள் அதில் ஒட்டும், ஆனால் வலுவாக ஒட்டாது. குழாய்த் தண்ணீருக்கும் சாதாரண ஷாம்புக்கும் இளகி வரும். ஆசிட் டப்பாவுக்கு வேலை இல்லாமல் போவதுதான் பூச்சின் பெரும் பயன் என்று கருதுகிறேன்.

இதே பயன் மெழுகுப் பாலிஷிலும் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், கொஞ்ச நாளுக்கு. கார் மெழுகுகளில் உயர்ந்ததாகச் சொல்லப்படும் கார்னோபா, பிரேசிலின் பனைவகை ஒன்றின் ஓலையிலிருந்து எடுப்பது, 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தே இறங்கி வந்த காரின் வீல் மையத்தில் கை வைத்துப் பார்க்க யாரும் துணிய மாட்டார்கள். சோப்பின் காரத்துக்கும் மெழுகு நிற்காது. சிலிக்கா வலை இந்தச் சூட்டைப் பொருட்படுத்தாது. இதற்கு நேர்மாறான கேள்வி: வழுக்கும் குரோமில் பூச்சு ஒட்டவே செய்யுமா? குரோமிய ஆக்சைடின் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் உண்டு. அவற்றோடு பூச்சின் சிலிக்கான் முனைகள் ஆக்சிஜன் வழியே பிணைகின்றன. ஆனால் உலோகத்துக்கும் சிலிக்கானுக்கும் இடையிலான இந்தப் பிணைப்பு நீரால் மெல்ல அறுபடக்கூடியது. உப்பும் ஈரமும் நிறைந்த இடத்தில் இன்னும் சீக்கிரம். காரின் கூரைக்குச் சொல்லும் ஆண்டுக் கணக்கை வீலுக்கும் சொல்வதை நான் நம்பமாட்டேன். வலுவான காரத் திரவங்களும் ஃபுளோரைடு திரவங்களும் சிலிக்காவையே கரைக்கும் என்பதால், பூசிய பிறகும் பழையபடி வாட்டர் சர்வீஸில் விட்டால் பூச்சும் போகும், முலாமும் போகும். இன்னொரு குறையும் உண்டு. சென்னை போன்ற ஊர்களில் கார் கழுவுவது பெரும்பாலும் போர்வெல் தண்ணீரில். பூச்சின் மேல் முத்தாக நிற்கும் கடினநீர் வெயிலில் காய்ந்தால், கரைந்திருந்த சுண்ணாம்பெல்லாம் முத்தின் விளிம்பில் வட்டம் வட்டமாகப் படியும். பூசாத வீலைவிடப் பூசிய வீலில் இந்தக் கறை கண்ணை உறுத்தும். கழுவியதும் துணியால் துடைக்கச் சோம்பல்படுகிறவர் பூச்சுக்குச் செலவழிக்காமல் இருப்பதே நல்லது.

எங்கே பூச வேண்டும் என்பதிலும் வழக்கம் தலைகீழாக இருக்கிறது. எல்லோரும் தெருவைப் பார்த்த முகத்துக்கு மட்டும் பூசுகிறார்கள். முலாம் தொட்டியில் மின்சாரம் மேட்டுக்கும் விளிம்புக்கும்தான் ஓடிப்போய்ச் சேரும். குரோம் கரைசல் குழிகளுக்குள் உலோகத்தைக் கொண்டு சேர்ப்பதில் மிக மோசமானது. அதனால் முகத்தில் முலாம் தடிமன். நட்டுக் குழிகளிலும் ஆரங்களின் பின்புறத்திலும் உள் வளையத்திலும் மெல்லியது, சில இடங்களில் பெயருக்குத்தான் இருக்கும். கொப்புளம் கிளம்புவது அங்கிருந்துதான். அது டயரின் ஓரம் அமரும் விளிம்பு வரை பரவினால் முலாம் செதில் செதிலாக உரிந்து, காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பஞ்சர் கடையில் டியூப்லெஸ் டயரைத் தண்ணீரில் முக்கிப் பார்த்தால் குமிழி வருவது டயரிலிருந்து அல்ல, ரிம் ஓரத்திலிருந்து. வீல் பேலன்சிங்கில் விளிம்பில் சுத்தியலால் அடித்து மாட்டும் ஈயக்கட்டியும் முலாமை உடைக்கும். ஒட்டும் வகை எடையை உள்வளையத்தில் வைக்கச் சொல்வது நல்லது. எனவே பூசுவதானால் வீலைக் கழற்றி, பின்புறத்திலிருந்து தொடங்க வேண்டும். முதலில் ஷாம்பு, பிறகு தையோகிளைகோலேட் கலந்த இரும்புநீக்கி. அது வீலின் மேல் ஊதாவாக மாறி வழிவதைப் பார்த்தால் எவ்வளவு இரும்பு ஒட்டியிருந்தது என்று தெரியும். நன்றாக அலசிக் காயவைத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைத்தெடுக்க வேண்டும். நிழலில், தொட்டால் சுடாத வீலில், ஒரு சில சொட்டை மட்டும் மென்துணியில் விட்டு, ஓர் ஆரத்துக்கு ஒரு முறை என்று மெலிதாகத் தேய்க்க வேண்டும். சிறிது நேரத்தில் படலத்தில் வானவில் நிறங்கள் ஓடும். கரைப்பான் போய்ப் படலம் மெலிகிறது என்பதற்கு அடையாளம் அது. உடனே மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துச் சமப்படுத்த வேண்டும். நம் கடலோரப் புழுக்கத்தில் இறுகும் வினை விரைவாக நடக்கும். புட்டியில் சொன்ன நேரத்தை நம்பிக் காத்திருந்தால் திட்டுத்திட்டாக உறைந்துவிடும். பெயின்ட்டில் மறைந்துபோகும் திட்டு, கண்ணாடி போன்ற குரோமில் மறையாது. ஒரு நாளாவது தண்ணீர் படாமல் வைத்திருக்க வேண்டும்; முழுதாக இறுக ஒரு வாரம் ஆகலாம்.

பூச்சால் முடியாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே புள்ளி விழுந்து கொப்புளித்த முலாமின் மேல் பூசினால், உள்ளே சிக்கிய குளோரைடும் ஈரமும் தம் வேலையைத் தொடரும்; ஒரு மைக்ரான் படலம் மேலே இருப்பது அவற்றுக்குப் பொருட்டல்ல. சூட்டில் நீலம் பாயும் புல்லட் சைலன்சர் பெண்டுக்கும் இது மருந்தல்ல. அந்த நீலம் உலோகத்தின் ஆக்சைடே தடித்து, அதில் ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் வருவது. இப்போது பல வீல்கள் ‘குரோம்’ என்ற பெயரில் வந்தாலும் தொட்டி முலாமாக இருப்பதில்லை. வெற்றிடத்தில் மிக மெல்லிய உலோகப் படலத்தைப் படியவைத்து, அதன் மேல் நிறமற்ற பிளாஸ்டிக் பூச்சு போட்டிருப்பார்கள். அங்கே நாம் பூசுவது பிளாஸ்டிக்கின் மேல்; பூச்சு நன்றாகவே ஒட்டும், கீறலும் எளிதில் விழும், உலோகத்துக்கான பாலிஷைத் தொடவே கூடாது.

கெட்டால் மறுபடி முலாம் போட்டுக்கொள்ளலாமே என்பது கடைசியாக எழும் மறுப்பு. போடலாம். அதற்குப் பழைய குரோமையும் நிக்கலையும் அமிலத்தில் உரித்து, மறுபடி எல்லா அடுக்கையும் கட்ட வேண்டும். வழக்கமான குரோம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அந்த வகைக் குரோமியம் மண்ணில் தங்கினால் என்ன ஆகும் என்பதை வேறெங்கும் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒரு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு குவிந்து, சுற்றுவட்ட நிலத்தடி நீரை மஞ்சளாக்கியிருக்கிறது. அந்த ஆலை தோல் பதனிடும் தொழிலுக்கான குரோம் உப்புகளைச் செய்தது, முலாம் தொழிலுக்காக இயங்கியதல்ல. வேதிப்பொருள் குடும்பம் ஒன்றுதான். இருக்கும் முலாமை இன்னும் சில ஆண்டு ஓட்டுவதற்கு, பணத்தைக் கடந்தும் ஒரு காரணம் இருக்கிறது.

பூச்சு இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வீலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். முத்தாகத் திரண்டால் இருக்கிறது. பரவி நின்றாலும் உடனே முடிவுக்கு வரவேண்டாம். பிரேக் தூசி மேலே படிந்து மறைத்திருக்கலாம். இரும்புநீக்கியால் ஒரு முறை கழுவி அலசிவிட்டு மறுபடி தெளித்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பரவினால் பூச்சு தேய்ந்துவிட்டது. ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, பின்புறத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்.